புருவ முடியும் ஆறு நியூரான்களும்

சி. எலிகன்ஸ் என்ற நூற்புழுவைத் தலைப்பக்கம் மெல்லத் தொட்டால் பின்னால் நகரும். வால்பக்கம் தொட்டால் முன்னால் ஓடும். சோதனை இவ்வளவுதான். வேண்டியது ஒரு புருவ முடி, அதை ஒட்ட ஒரு பல்குத்தும் குச்சி, நல்ல வெளிச்சமுள்ள ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப். இதைச் சரியாகச் செய்தால், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த உடம்புக்குள் இருக்கும் ஆறு தொடு நியூரான்களில் (தொடுகையை உணரும் நரம்புச் செல்களில்) முன்பக்கத்தவை வேலை செய்கின்றனவா, பின்பக்கத்தவை வேலை செய்கின்றனவா என்று வெளியில் இருந்தே சொல்லிவிடலாம். சரியாகச் செய்வதில் முக்கால் பங்கு, தொடுகை எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. சற்று அழுத்திவிட்டால் வேறு நியூரான்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். புழு அப்போதும் நகரும், குறிப்பேட்டில் அப்போதும் ஒரு டிக் விழும். ஆனால் நாம் அளந்தது வேறொன்றாக இருக்கும்.

கருவி செய்வதில் தொடங்கி, அந்த நியூரான்களைப் பச்சையாக ஒளிரவிட்டுப் பார்ப்பது வரை நான் செய்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக இந்தப் புழுவோடு வேலை ஆரம்பிப்பவர்களுக்குப் பயன்படும்.

இந்தப் புழு ஏன்

சிட்னி பிரென்னர் 1960-களில் இந்தப் புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். உடம்பு ஒளி ஊடுருவும்படி இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் மூன்று, மூன்றரை நாளில் முட்டை வளர்ந்து முட்டையிடும் புழுவாகிவிடும். இருபாலினப் புழு ஒன்று துணை இல்லாமலே சுமார் 300 குஞ்சுகளைத் தரும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, செல்களின் எண்ணிக்கை புழுவுக்குப் புழு மாறாது என்பது. முதிர்ந்த இருபாலினப் புழுவில் உடற்செல் உட்கருக்கள் 959, நியூரான்கள் 302. முட்டையில் இருந்து ஒவ்வொரு செல்லும் எப்படிப் பிரிந்து வந்தது என்பதை ஜான் சல்ஸ்டனும் உடன் உழைத்தவர்களும் கண்ணால் பார்த்துப் பார்த்தே எழுதி முடித்தார்கள். எந்த நியூரான் எதனோடு இணைகிறது என்ற முழு வரைபடம் 1986-ல் வெளிவந்தது.

தொடுகை வேலையின் பெரும்பகுதி மார்ட்டின் சால்ஃபியிடம் இருந்து வருகிறது. அவரும் சல்ஸ்டனும் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், மெல்லத் தொட்டால் பதில் தராத மியூட்டன்ட் (மரபணு மாறிய) புழுக்களைத் தேடிப் பிடித்திருந்தார்கள். தேடிய கருவி இதே முடிதான். ஆயிரக்கணக்கான புழுக்களில் நன்றாக நடமாடும், ஆனால் முடி பட்டால் அசையாத புழுவைத் தனியே பொறுக்குவது. அப்படிக் கிடைத்த மரபணுக்களுக்கு மெக் என்று பெயரிட்டு வரிசையாக எண் கொடுத்தார்கள். 1985-ல் சால்ஃபியின் குழு இந்த நியூரான்களை லேசரால் சுட்டு அழித்து, எது போனால் எந்தப் பதில் போகிறது என்று பார்த்துச் சுற்றை வரைந்தது.

ஆறு நியூரான்களின் பெயர்கள் இனி அடிக்கடி வரும். ஏ.எல்.எம். இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஏ.வி.எம். ஒன்று. இந்த மூன்றும் முன்பக்கத்துக்கு. பி.எல்.எம். இரண்டு, வாலில். இவை பின்பக்கத்துக்கு. மிச்சமிருக்கும் பி.வி.எம். பார்க்க மற்றவை போலவே இருந்தாலும், மற்ற ஐந்தையும் அழித்துவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தால் புழு மென்தொடுகைக்கு நகர்வதில்லை.

தட்டு

புழுவை வளர்க்கும் அகார் தட்டு வார்க்கும் முறை எங்கும் ஒன்றுதான்: லிட்டருக்கு 3 கிராம் சோடியம் குளோரைடு, 2.5 கிராம் பெப்டோன், 17 கிராம் அகார். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) இருந்து எடுத்து ஓரளவு ஆறிய பிறகு கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், பி.எச். 6 பாஸ்பேட் பஃபர், எத்தனாலில் கரைத்த கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ராலை விட்டுவிடக் கூடாது, இந்தப் புழுவால் ஸ்டீராலைத் தானே செய்துகொள்ள முடியாது.

உணவு, ஓ.பி.50 என்ற ஈ. கோலை வகை. வளரத் தேவையான யுராசில் என்ற பொருளைத் தானே தயாரிக்க முடியாத பாக்டீரியா என்பதால் இந்த அகாரில் அடர்த்தியாக வளராமல் மெல்லிய படலமாக நிற்கும். புழு தெளிவாகத் தெரியும். தொடு சோதனைக்கு இது ரொம்ப முக்கியம். படலம் தடித்துவிட்டால் முடியில் பாக்டீரியா அப்பிக்கொண்டு நுனி கனத்துவிடும். அதனால் வளர்ப்புத் தட்டிலேயே சோதிப்பதில்லை. முந்தின நாள் நடுவில் ஒரு சிறு சொட்டு மட்டும் விட்ட புதுத் தட்டுக்குப் புழுக்களை மாற்றி, கொஞ்ச நேரம் விட்டு, அவை பழைய நடைக்கு வந்த பிறகு தொடங்குவேன்.

தட்டின் ஈரம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் சோதனையைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதல் இடம். புதிதாக வார்த்த தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று இருக்கும். முடியின் நுனி அதில் பட்டதும் நீர் அதைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முடி வளைந்து, திடீரென்று விடுபட்டுப் புழுவின் மேல் அடிக்கும். அது மென்தொடுகை இல்லை. மூடிய தட்டுகளை அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தால் சரியாகிவிடும். அதிகம் காய்ந்தாலும் தொல்லை உண்டு. அகாரில் வெடிப்பு விழும், புழு அதற்குள் புகுந்துகொள்ளும்.

முடி

புருவ முடியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது நுனியை நோக்கித் தானாகவே மெலிந்துகொண்டே போகிறது. தலைமுடியை வெட்டினால் வெட்டின இடத்தில் ஒரு தட்டையான முகம் கிடைக்கும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும். புருவ முடியின் நுனி இயற்கையிலேயே கூராக முடிந்து, லேசாக வளையும். ஆனால் எல்லாப் புருவ முடியும் ஒன்றில்லை. பறித்த முடிகளை ஒரு கறுப்புத் தாளின் மேல் வைத்து மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். நுனி பிளந்ததை, முறுக்கு உள்ளதை, அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாக இருப்பதை ஒதுக்கிவிடுவேன். நிற்பது சிலதான்.

தேர்ந்த முடியின் தடித்த அடியைப் பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி பசை வைத்து ஒட்ட வேண்டும். நுனி குச்சிக்கு வெளியே நன்றாக நீண்டிருக்கட்டும். குட்டையாக ஒட்டினால் முடி விறைத்துவிடும். நீளம் கூடக்கூட நுனி கொடுக்கும் அழுத்தம் குறையும் என்பதால், அழுத்தத்தைத் திருத்தும் வசதி கையை விட இந்த நீளத்தில்தான் அதிகம். பசை நுனிப்பக்கம் ஓடாமல் குச்சியைச் சாய்த்து உலர விடுங்கள். பயன்படுத்தும் முன் 70 சதவீத எத்தனாலில் தோய்த்து நன்றாக உலர்த்தினால் போதும். சுடரில் காட்டினால் முடி கருகிவிடும்.

இன்னொரு கருவி பிளாட்டினம் கம்பி. புழுவைத் தட்டுக்குத் தட்டு மாற்ற இது வேண்டும். பலமாகத் தொட்டுப் பார்க்கும் வன்தொடுகைச் சோதனைக்கும் இதுவேதான். கண்ணாடிக் குழாயின் முனையை உருக்கி மெல்லிய கம்பியைச் செருகி, கம்பியின் நுனியைச் சிறு கரண்டி போல் தட்டையாக்க வேண்டும். சுடரில் காட்டினால் நொடியில் பழுக்கும், அப்படியே நொடியில் ஆறிவிடும். தட்டை நுனியில் கொஞ்சம் ஓ.பி.50 எடுத்துக்கொண்டு புழுவின் முதுகில் ஒற்றினால் ஒட்டிக்கொண்டு வரும். புதுத் தட்டில் நுனியை அகாரில் படும்படி வைத்துக் காத்திருந்தால் அது தானே இறங்கிப் போகும்.

கைப்பழக்கம்

புழுவைத் தொடும் முன், புழு இல்லாத தட்டில் பாக்டீரியாப் படலத்தின் மேல் முடியை இழுத்துப் பழகினேன். அகாரில் கோடு விழக் கூடாது. கோடு தெரிந்தால் அழுத்தம் அதிகம். மணிக்கட்டை மேசையில் ஊன்றி, விரல்களை மட்டும் அசைத்தால் இது சீக்கிரம் வசப்படும். கண்ணிமையில் ஒட்டிய தூசியை எடுக்கும்போது விரலில் வரும் அந்த நிதானம்தான் இங்கேயும் வேண்டும்.

தொடுவது என்றால் குத்துவது இல்லை. முடியை உடம்புக்குக் குறுக்காக, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போகும்படி வருட வேண்டும். முடி புழுவின் மேல் ஏறி இறங்கும், புழுவின் உடல் அகாரில் அழுந்தித் தெரியக் கூடாது. வருடுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 2005-ல் ராபர்ட் ஓ'ஹேகன், சால்ஃபி, மிரியம் குட்மன் மூவரும் உயிருள்ள புழுவின் தொடு நியூரானில் மின்முனை வைத்து மின்னோட்டத்தைப் பதிந்தார்கள். அழுத்தம் தொடங்கும் கணத்தில் ஒரு மின்னோட்டம் எழுகிறது, அழுத்தத்தை எடுக்கும் கணத்தில் இன்னொன்று. நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது சட்டென்று தணிந்துவிடுகிறது. ஆக, முடியை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதால் நியூரானுக்குக் கூடுதல் செய்தி எதுவும் போகாது. மாற்றம்தான் அதற்குத் தெரியும். குறுக்கே வருடும்போது ஏறுவதும் இறங்குவதும் ஒரே அசைவில் கிடைத்துவிடுகின்றன.

எங்கே தொடுவது? முன்பக்கம் என்றால் தொண்டையின் பின்குமிழுக்குச் சற்றுப் பின்னால். அந்தக் குமிழ் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும், உள்ளே அரைத்துக்கொண்டிருப்பதைக் கூடப் பார்க்கலாம். மூக்கு நுனியைத் தொடவே கூடாது. அங்கே ஏ.எஸ்.எச்., எஃப்.எல்.பி. என்று வேறு நியூரான்கள் இருக்கின்றன. மென்தொடுகைக்கு வேண்டிய மெக்-4 மரபணு செயலிழந்த புழு கூட மூக்கில் பட்டால் பின்வாங்கும், நாம் குழம்பிப் போவோம். பின்பக்கம் என்றால் மலத்துளைக்குச் சற்று முன்னால். வாலின் மெலிந்த நுனி வேண்டாம்.

வழக்கமான சோதனை ஒரு புழுவுக்குப் பத்துத் தொடுகை: முன், பின், முன், பின் என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்கு ஐந்து. இந்த மாற்றி மாற்றித் தொடும் முறை வேலையையும் எளிதாக்குகிறது. முன்னால் தொட்டால் புழு பின்னால் போகத் தொடங்கும், அப்போது வாலைத் தொட்டால் திரும்பவும் முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு தொடுகையும் அடுத்த தொடுகைக்குப் புழுவைத் தயார் செய்கிறது. ஒரே பக்கத்தை அடுத்தடுத்துத் தொட்டால் புழு பழகிப்போய்ப் பதிலைக் குறைத்துவிடும் என்ற தொல்லையும் தணிகிறது.

முன்தொடுகைக்குப் பின்வாங்கியதா என்று தீர்மானிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. முன்னால் நகரும்போது புழு தலையை இங்கும் அங்கும் துழாவிக்கொண்டே போகும். மென்தொடுகைக்குப் பின்வாங்கும்போது அந்தத் துழாவல் நின்றுவிடும். ஆர்.ஐ.எம். என்ற நியூரான்கள் வெளிவிடும் டைரமின் என்ற செய்திப்பொருள் தலைத் தசைகளைத் தளர்த்துவதால் இது நடக்கிறது. மண்ணில் சில பூஞ்சைகள் வளையம் கட்டி வைத்து, புழு உள்ளே தலையைவிட்டதும் வளையத்தைச் சுருக்கிப் பிடித்துத் தின்கின்றன. வளையம் இறுகும் முன், தலையை ஆட்டாமல் நேராகப் பின்னால் உருவிக்கொள்ளும் புழு தப்பிக்கிறது. ஆய்வகத் தட்டில் நாம் முடியால் எழுப்புவது அந்தத் தப்பிக்கும் அசைவைத்தான். எனக்கு இந்தச் சோதனையின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணங்களில் அது ஒன்று.

இந்தப் புழு யாரும் தொடாமலே அவ்வப்போது பின்வாங்கும். அதனால் பொய்த்தொடுகை ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்: முடியைப் புழுவின் பக்கத்தில் அகார் வரை இறக்கிவிட்டு, புழுவில் படாமலே தூக்கிவிடுவது. இதற்கும் டிக் போட வேண்டும். தொடு உணர்வு இல்லாத மியூட்டன்டுக்கு எப்போதாவது ஒரு டிக் விழுந்தால், அது உண்மையான பதிலா தற்செயலா என்று சொல்ல இந்தக் கணக்கு இல்லாமல் வழியில்லை. அப்புறம், எந்தத் தட்டில் எந்தப் புழு என்று தொடுபவருக்குத் தெரியக் கூடாது. தட்டுகளின் அடியில் எழுதியதைக் காகிதம் ஒட்டி மறைத்து, எண் போடும் வேலையை உடன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுவேன். இது மியூட்டன்ட் என்று தெரிந்தாலே கை தானாக மென்மையாகிவிடும், இயல்புப் புழு என்று தெரிந்தால் கொஞ்சம் அழுத்திவிடும்.

என்ன தெரிந்தது

இயல்புப் புழுக்கள் பத்துக்கு எட்டு, ஒன்பது தொடுகைகளுக்குப் பதில் கொடுத்தன. மெக்-4 செயலிழந்த புழுக்கள் ஒன்றும் கொடுக்கவில்லை, அல்லது ஒன்று. அந்த ஒன்று பொய்த்தொடுகையின் அளவைத் தாண்டவில்லை. இது பல ஆண்டுகளாகத் தெரிந்த முடிவுதான். ஆனால் கண்ணெதிரே பார்ப்பது வேறு. முடி உடம்பின் மேல் ஏறி இறங்குகிறது, உடம்பு கொஞ்சம் நெளிகிறது, புழு எதுவும் நடக்காதது போல் மேய்ந்துகொண்டே போகிறது.

அதே புழுவைப் பிளாட்டினம் கம்பியால் ஒரு தள்ளு தள்ளினால் உடனே நகர்ந்துவிடும். இந்த இரண்டாம் சோதனையை விட்டுவிடக் கூடாது. தசையோ நகர்வுச் சுற்றோ கெட்டுப்போன புழுவும் மென்தொடுகைக்கு அசையாமல் இருக்கலாம். கம்பிக்கு நகர்ந்தால்தான் குறை உணர்வில் இருக்கிறது என்று சொல்லலாம். வன்தொடுகையை உணர்வதில் பி.வி.டி. என்ற கிளை விரிந்த நியூரான்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மெக்-3 மியூட்டன்டில் வித்தியாசம் தெரிகிறது: மென்தொடுகை அறவே இல்லை, கம்பிக்கும் பதில் மந்தம். மெக்-3 என்பது மரபணுக்களை இயக்கும் புரதம் ஒன்றுக்கான மரபணு. ஆறு தொடு நியூரான்களும் தங்கள் தன்மையைப் பெறுவதற்கும், பி.வி.டி. ஒழுங்காகக் கிளை விரிப்பதற்கும் அது தேவை. ஒரே மரபணு இரண்டு வகைத் தொடுகைக்கும் பின்னால் நிற்பதை, ஒரு முடியையும் ஒரு கம்பியையும் மாற்றி மாற்றிப் பிடித்தே உணர முடிகிறது.

மெக்-4 செய்யும் புரதம் நியூரானின் சவ்வில் உள்ள ஓர் அயனி வாயில். மெக்-10 அதனோடு சேர்கிறது, மெக்-2-வும் மெக்-6-ம் அது வேலை செய்யத் துணை நிற்கின்றன. அழுத்தம் பட்டால் வாயில் திறந்து சோடியம் உள்ளே பாயும். மெக்-7, மெக்-12 இரண்டும் டியூபுலின்கள். இவை சேர்ந்து தொடு நியூரானுக்குள் 15 இழை கொண்ட தடித்த நுண்குழாய்களைக் கட்டுகின்றன. இந்தப் புழுவின் மற்ற செல்களில் பெரும்பாலும் 11 இழைதான். மெக்-1, மெக்-5, மெக்-9 ஆகியவை நியூரானுக்கு வெளியே உள்ள பொருள்களுக்கானவை. உள்ளே, சவ்வில், வெளியே என்று மூன்று இடத்தில் எது கெட்டாலும், முடியின் முன்னால் புழு ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். இதுதான் இந்தச் சோதனையின் எல்லை. உணர்வு இல்லை என்று சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது.

ஒளிரவிட்டுப் பார்த்தல்

ஏன் என்பதற்கு ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பிடம் போக வேண்டும். பச்சை ஒளிர் புரதத்தை வேறோர் உயிருக்குள் வைத்து ஒளிரச் செய்யலாம் என்று சால்ஃபியின் குழு 1994-ல் காட்டியபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட விலங்கு இதே புழு, ஒளிரவிட்ட செல்கள் இதே தொடு நியூரான்கள். மரபணு எந்தச் செல்லில் இயங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் முன்பகுதி; மெக்-7 மரபணுவின் முன்பகுதியோடு அந்தப் புரதத்தின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் புரதம் தொடர்பான வேலைக்காக 2008-ல் ஒசாமு ஷிமோமுரா, ரோஜர் சியென் ஆகியோரோடு சால்ஃபிக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. நான் பயன்படுத்தியது மெக்-4 முன்பகுதியோடு ஒளிர் புரதம் சேர்ந்த வகை. ஆறு நியூரான்களும் நன்றாகத் தெரியும்.

கண்ணாடி வில்லையில் 2 சதவீத அகரோஸில் ஒரு மெல்லிய திண்டு வார்த்து, அதன் மேல் ஒரு சொட்டு லெவமிசோல் கரைசல். தசை இறுகிப் புழு அசைவற்றுவிடும். மேலே மூடுவில்லை. இளம் புழுவாக எடுப்பது நல்லது. வயதான புழுவின் குடலில் உள்ள துகள்கள் தாமாகவே மஞ்சள் கலந்து ஒளிர்ந்து நியூரானை மறைத்துவிடும்.

இங்கேதான் முடிச் சோதனைக்கு முழுப் பொருள் கிடைத்தது. ஏ.எல்.எம். செல்லின் உடல் புழுவின் நடுவுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதில் இருந்து கிளம்பும் நீண்ட இழை மூக்குப் பக்கம் வரை போகிறது. பி.எல்.எம். உடல் வாலில், அதன் இழை முன்னோக்கி வந்து, முட்டையிடும் துளையைத் தாண்டி, ஏ.எல்.எம். செல்லுக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. இரண்டு இழைகளும் உடம்பைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. இதைப் பார்த்த பிறகு மறுபடி முடியை எடுத்து, தலையில் இருந்து வால் நோக்கி இடம் மாற்றி மாற்றி வருடிப் பார்த்தேன். தொண்டைக்குச் சற்றுப் பின்னால் தொட்டால் பின்வாங்கல் உறுதி. முட்டையிடும் துளைக்குப் பின்னால் முன்னோட்டம் உறுதி. இடையில், இரு இழைகளும் சந்திக்கும் பகுதியில், ஒரே புழு ஒரு முறை முன்னால் போகிறது, இன்னொரு முறை பின்னால், சில நேரம் தயங்கி நிற்கிறது. வரைபடத்தில் இருக்கும் எல்லை புழுவின் நடத்தையிலும் அதே இடத்தில் இருக்கிறது. தொடும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதை விட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

மியூட்டன்டுகளைப் பார்த்தபோது முடி சொல்லாததும் வெளிவந்தது. மெக்-4 வெறுமனே செயலிழந்த புழுவில் ஆறு நியூரான்களும் தங்கள் இடத்தில், முழு நீள இழையோடு ஒளிர்கின்றன. வாயில் மட்டும்தான் இல்லை. மெக்-4-இல் இன்னொரு வகை மாற்றம் உண்டு, வாயில் மூடாமல் திறந்தே கிடக்கும் வகை. அதில் அயனிகள் அளவுக்கு மீறி உள்ளே புகுந்து, நியூரான் ஊதிப் பெருத்துச் செத்துவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் அந்த இடங்கள் இருண்டு கிடந்தன. முடியால் தொட்டபோது இந்த இரண்டு புழுக்களுக்கும் ஒரே மதிப்பெண்தான் போட்டிருந்தேன்.

இளம்புழுவும் அதிர்வும்

கடைசியாக, பெட்ரி தட்டின் ஓரத்தை விரலால் சுண்டும் சோதனை. அதிர்வு முழு உடம்பையும் ஆட்டுவதால் முன் நியூரான்களும் பின் நியூரான்களும் ஒரே நேரத்தில் தூண்டப்படுகின்றன. முன்னவை ஏ.வி.டி. என்ற நியூரான்கள் வழியாகப் பின்னால் போகச் சொல்லும், பின்னவை பி.வி.சி. என்ற நியூரான்கள் வழியாக முன்னால் போகச் சொல்லும். முதிர்ந்த புழு பெரும்பாலும் பின்வாங்குகிறது. லார்வா என்ற இளம்புழு அப்படியில்லை: பின்னால் போவதும் முன்னால் ஓடுவதும் ஏறக்குறைய சமமாக வருகின்றன. இந்த வேறுபாட்டை கேத்தரின் ராங்கினும் உடன் உழைத்தவர்களும் 1990-ல் எழுதியிருக்கிறார்கள். ஏ.எல்.எம்., பி.எல்.எம். நான்கும் முட்டைக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. ஏ.வி.எம். முட்டை பொரிந்த பிறகு பிறக்கிறது, சுற்றில் முழுதாகச் சேர்வது புழு முதிர்ச்சியை நெருங்கும்போதுதான். அது சேர்ந்ததும் முன்பக்கத்தின் கை ஓங்கிவிடுகிறது.

இதே குழு காட்டிய இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: சுண்டிக்கொண்டே இருந்தால் புழு பழகிப்போகும், 10 விநாடி இடைவெளியில் சுண்டினால் 60 விநாடி இடைவெளியை விட வேகமாகப் பதில் குறையும். பழகிப்போவதைப் பார்ப்பது நோக்கம் இல்லை என்றால் ஒரு புழுக்கூட்டத்தை ஒரு முறை சுண்டிவிட்டு நிறைய நேரம் விடுவதே நல்லது.

விரலால் சுண்டும்போது ஒவ்வொரு முறையும் பலம் மாறுகிறது. அதனால் அடுத்ததாக லார்வாக்களையும் முதிர்ந்த புழுக்களையும் ஒரே பெட்ரி தட்டில் விட்டு, ஒரே சுண்டுதலில் இரண்டையும் வீடியோ எடுக்கப் போகிறேன். பலம் எவ்வளவாக இருந்தாலும், அகாரின் ஈரம் எப்படி இருந்தாலும், இரண்டு வயதுக்கும் அது ஒன்றாகவே இருக்கும். அளவை வைத்தே எது லார்வா என்று தெரிந்துவிடுவதால் இதில் எந்தப் புழு எது என்பதை மறைக்க முடியாது. வீடியோவில் ஒவ்வொரு புழுவும் போகும் திசையைக் கணினி நிரலே கணக்கெடுக்கும்படி வைத்துவிட்டால் அந்தக் குறையும் தீரும்.